சகலையின் கடிகாரம்

காலை ஏழே முக்கால். ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய உடை மாற்றும் அறையில், சகலை தன் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மயக்க டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

"என் லாக்கர்ல பூட்டு சரியில்ல சகலை. முடியிற வரைக்கும் உங்க பாக்கெட்ல இருக்கட்டும். மாமா குடுத்தது. இதைத் தொலைச்சா உங்க கொழுந்தியா என்னைத் தொலைச்சுடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மயக்க டாக்டரும் சிரித்து வைத்தார். சிரிப்பதற்கு உதடு போதும். வயிறு எரிவது வெளியே தெரியாது.

அந்தக் கடிகாரத்தை அவருக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் மேற்பார்வையாளராக இருந்த மாமனாருக்கு, ஓய்வு பெறும் நாளில் கொடுத்தது. பின்பக்க மூடியில் அந்த வருடக் கணக்கைப் பொடி எழுத்தில் பொறித்திருந்தார்கள். மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள். மூத்த பெண்ணைக் கட்டியவர் மயக்க டாக்டர். கடிகாரம் எந்த வழியாகப் பார்த்தாலும் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் வந்து சேர வேண்டும் என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடக்கும் என்று நம்பியிருந்தார். போன வாரம் அது சின்ன மாப்பிள்ளையின் கையில் ஏறிவிட்டது.

ஏறாமல் என்ன செய்யும்? சின்ன மாப்பிள்ளை சர்ஜன். மாமனார் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தங்கக்கை'. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அறிமுகம் செய்து வைக்கும் அழகே தனி. "இவரு சின்ன மாப்பிள்ளை, பெரிய சர்ஜன். அவரு பெரிய மாப்பிள்ளை..." என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரும் அதே ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு" என்பார். ஏதோ வாசலில் வண்டி நிறுத்தச் சீட்டுக் கொடுப்பவர் மாதிரி.

மயக்க டாக்டர் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெஞ்சின் மேல் அது டிக் டிக்கென்று அடித்தது.

அன்றைய நோயாளி ஒரு கணக்கு டீச்சர். வயது நாற்பத்தொன்று. இரண்டு வருடமாகக் காலை முதல் பாடவேளையில் கரும்பலகையில் கன்னாபின்னாவென்று எழுதுவார். ஏழும் ஐந்தும் கூட்டினால் என்ன என்று கேட்டால் விழிப்பார். வியர்த்துக் கொட்டும். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ உள்ளே போனால் பத்து நிமிடத்தில் பழைய டீச்சர் திரும்பி வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் ரகசியமாகக் குடிக்கிறார் என்றார்கள். சொந்தக்காரர்கள் மனக்கோளாறு என்றார்கள். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தூங்கியதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

கடைசியில் குட்டு வெளிப்பட்டது. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கணையத்தில் ஒரு பொடிக் கட்டி. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத ரகம். அது தன்பாட்டுக்கு இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டாலும் கொட்டும், பட்டினி கிடந்தாலும் கொட்டும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை எல்லாம் வற்றிப் போய், மூளை விளக்கணைந்த வீடாகிவிடும்.

டீச்சரின் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். இரண்டு வருடமாக விடிவதற்கு முன் அலாரம் வைத்து எழுந்து, மனைவியை உலுக்கி உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறவர். ஒரே ஒரு நாள் அலாரம் அடிக்காமல் போயிற்று. அன்று டீச்சருக்கு வலிப்பு வந்து, நாக்கு கடிபட்டு, தலையணை முழுக்க ரத்தம்.

முந்தின நாள் சாயங்காலம், மயக்க மருந்து பற்றி விளக்கப் போன டாக்டரிடம் அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், இது முடிஞ்சா அலாரம் வைக்காம தூங்கலாமா?"

"முடியட்டும். நானே வந்து சொல்றேன்" என்றிருந்தார் மயக்க டாக்டர். மற்ற எல்லோரும் சர்ஜனையே கேட்பார்கள். இவர் தன்னைக் கேட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

எட்டரைக்கு டீச்சரைத் தூங்க வைத்தாயிற்று. தலைமாட்டில் பச்சைத் துணித் திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் வயிறு, விளக்கு, கத்தி, சகலை. இந்தப் பக்கம் முகம், குழாய்கள், மானிட்டர், மயக்க டாக்டர். இருபது வருடமாக அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் இதுதான்.

இந்த ஆபரேஷனில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியை எடுக்கும் வரை சர்க்கரை விழுந்துவிடாமல், உப்பு நீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோஸும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எடுக்கப் போகும் நேரத்தில் சர்ஜன் குரல் கொடுப்பார், குளுக்கோஸை மூட வேண்டும். கட்டி வெளியே வந்த பிறகு ரத்தச் சர்க்கரை தானாக ஏறினால் வெற்றி. ஏறாவிட்டால் கட்டி இன்னும் உள்ளே எங்கோ உட்கார்ந்து சிரிக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, எண்ணைச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவது தலைமை நர்ஸின் வேலை. அந்த அம்மாளை எல்லோரும் 'ஹெட்மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்கேன் படத்தில் கணையத்தின் வால் பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்திருந்தது. சகலை உள்ளே விரல்களை விட்டுத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவுவது அவர் பாணி. இளைய டாக்டர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து நிற்பார்கள்.

"இருக்கு. வால்லயே இருக்கு. விரல்ல தட்டுது" என்றார்.

உள்ளே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி மூலையில் துணி போர்த்தி நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். விரலுக்குத் தெரிந்ததற்கு விளக்கு எதற்கு என்றார் சகலை. இளசுகள் சிரித்தார்கள்.

கணையத்தைப் பிசைந்ததில் சர்க்கரை ஐம்பத்து நாலுக்கு இறங்கிற்று. மயக்க டாக்டர் குளுக்கோஸை வேகமாகத் திறந்துவிட்டார். அப்போது திரைக்கு மேலாகச் சகலையின் பேச்சு மிதந்து வந்தது. உதவிக்கு நின்ற டாக்டரிடம் கடிகாரக் கதையை அளந்துகொண்டிருந்தார். மாமனார் கூப்பிட்டு, தன் கையாலேயே கட்டிவிட்டாராம். "இது வேலை செய்யிற கையில இருக்கணும்" என்றாராம்.

வேலை செய்யிற கை!

மயக்க டாக்டரின் காதில் அது மட்டும் நின்றது. அப்படியானால் என் கை என்ன, விசிறி ஆட்டுகிறதா? இந்த அம்மாள் மூச்சு விடுவது யார் கையால்? இதயம் தடுமாறினால் பிடித்து நிறுத்துவது யார் கை? அவரை அறியாமல் இடது கை சட்டைப் பைக்குள் போய்க் கடிகாரத்தை எடுத்தது. பின்பக்கம் திருப்பினார். முப்பத்தாறு வருடம் என்ற பொடி எழுத்தை விரலால் தடவினார்.

"சகலை, எடுக்கப் போறேன். குளுக்கோஸ மூடிடுங்க."

கண் கடிகாரத்தில். வலது கை மட்டும் மேலே போய், கம்பியில் தொங்கிய குழாயின் திருகைத் தள்ளி மூடியது.

"மூடியாச்சு" என்றார்.

வால் துண்டு வெளியே வந்தது. நடுவில் பட்டாணி போல ஒரு உருண்டை. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் தொண்ணூற்றேழு. அடுத்த பத்தில் நூற்று நாற்பத்திரண்டு. ஹெட்மாஸ்டர் எழுத எழுத அறையே இளகிற்று. அடுத்து நூற்று அறுபத்தெட்டு. யாரோ கை தட்டினார்கள். சகலை தலையை லேசாக ஆட்டியதோடு சரி. அந்த அடக்கம் இருக்கிறதே, அது பெருமையைவிட அதிகமாக எரிந்தது மயக்க டாக்டருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இந்தக் கதை எத்தனை முறை ஓடும், அதில் தான் எந்த மூலையில் நிற்போம் என்றெல்லாம் மனசு படம் ஓட்டத் தொடங்கியது.

உப்பு நீர் பாட்டில் தீர்ந்திருக்குமே, மாற்றலாம் என்று நிமிர்ந்து பார்த்தார்.

உப்பு நீர் பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

பக்கத்து பாட்டிலில் சொட்டு சொட்டாக, மழை ஓய்ந்த கூரை போல, இறங்கிக்கொண்டிருந்தது. முக்கால் காலி. குளுக்கோஸ்.

மூடியது உப்பு நீரை. ஓடிக்கொண்டிருந்தது குளுக்கோஸ். பலகையில் இருக்கும் மூன்று எண்களும் பொய். கட்டி போய்விட்டதா, உள்ளேயே இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. எடுத்த துண்டை ஆய்வகத்தில் பார்த்துச் சொல்ல நாலு நாளாகும்.

கை தானாகவே போய் குளுக்கோஸை மூடியது. யாரும் பார்க்கவில்லை. பச்சைத் திரை நன்றாக மறைத்தது.

அந்தப் பக்கம் சகலை தையல் ஊசி கேட்டார்.

அப்போதுதான் அந்த எண்ணம் தலை நீட்டிற்று. கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. பேசாமல் இரு. வயிற்றைத் தைத்து முடிக்கட்டும். கட்டி போயிருந்தால் நல்லது. போகாவிட்டால் நாளைக்குக் காலையில் டீச்சர் மறுபடி வியர்த்து விழிப்பார். அப்போது யாரைக் கேட்பார்கள்? மயக்க டாக்டரையா? தங்கக்கை தடவிப் பார்த்து, கண்ணை மூடித் தடவி, அல்ட்ராசவுண்ட் வேண்டாம் என்று சொல்லி, தப்பான துண்டை வெட்டிப் போட்டது என்பார்கள். இளசுகள் பார்த்திருக்கிறார்கள். ஹெட்மாஸ்டரே சாட்சி. பாட்டிலைப் பற்றி யாருக்குத் தெரியும்? காலி பாட்டில் குப்பைக்குப் போய்விடும். ஒரே நாளில் தங்கம் பித்தளையாகிவிடும்.

அந்த நினைப்பு இனித்தது என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. பதினெட்டு வருடப் பசிக்கு ஒரு கவளம்.

முதல் தையல் விழுந்தது. திரைக்கு இந்தப் பக்கம் டீச்சரின் முகம் இருந்தது. கண்ணிமைகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். உதட்டோரம் குழாய். வாயைத் திறந்து குழாய் விட்ட நேரத்தில் நாக்கின் ஓரத்தில் பழைய வடுவைப் பார்த்திருந்தார். ஒரு நாள் அலாரம் அடிக்காமல் போன வடு. நாளைக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நின்று, அலாரம் வைக்கலாமா வேண்டாமா என்று கேட்பார். நானே வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது தங்கக்கை இல்லை. இவர்.

"சகலை, தைக்காதீங்க."

திரைக்கு மேல் ஒரு ஜோடிக் கண்கள் எழுந்தன. "ஏன், பிரஷரா?"

"குளுக்கோஸ் ஓடிட்டே இருந்திருக்கு. நான் மூடினது பக்கத்து பாட்டில. தப்பு என்னுது. போர்டுல இருக்கிறது எதையும் நம்பாதீங்க."

மானிட்டர் மட்டும் பிப் பிப்பென்றது. ஹெட்மாஸ்டர் கையில் பேனாவோடு அப்படியே நின்றார். சகலை கத்துவார், தூக்கி எறிவார் என்று மயக்க டாக்டர் காத்திருந்தார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"இப்ப மூடியாச்சா?"

"மூடியாச்சு. அரை மணி குடுங்க."

போட்ட தையலைச் சகலை பிரித்தார். ஈரத் துணியால் வயிற்றை மூடிவிட்டு, கைகளைக் கூப்பினாற்போல் வைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் நூற்று இருபத்தொன்று. பிறகு எழுபத்தொன்பது. பிறகு ஐம்பத்திரண்டு. ஹெட்மாஸ்டர் கடைசி எண்ணை எழுதிவிட்டு மூடியைப் பேனாவில் போட்டார். கட்டி உள்ளேதான் இருந்தது.

மயக்க டாக்டர் குளுக்கோஸை மறுபடி மெல்லத் திறந்தார். சகலை மூலையைப் பார்த்துத் தலையை அசைத்தார். போர்வை விலகியது, அல்ட்ராசவுண்ட் உருண்டு வந்தது.

கணையத்தின் தலைப் பகுதியில், பின்பக்கமாக, கறுப்பாக ஒரு வட்டம். கடலைப் பருப்பு அளவு. செரிமான நீர் போகும் பிரதானக் குழாயிலிருந்து இரண்டே மில்லிமீட்டர் தள்ளி. கத்தி மயிரிழை தவறினால் அந்தக் குழாய் கிழிந்து, உள்ளே எல்லாம் கசிந்து, டீச்சர் மாதக் கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த நாற்பது நிமிடம் யாரும் இருமக்கூட இல்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தபால் தலையை, படம் கிழியாமல் உரிப்பது போல உரித்தார் சகலை. திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார் மயக்க டாக்டர். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார், முடியவில்லை. அந்த விரல்கள் நிஜமாகவே அழகாக வேலை செய்தன. அதை ஒத்துக்கொள்ள வேண்டி வந்ததுதான் அன்றைய பெரிய தண்டனை.

"குளுக்கோஸ் சகலை."

இந்த முறை குழாயைப் பாட்டிலிலிருந்து கை வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். மூடினார். ஹெட்மாஸ்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, சரி என்றார்.

ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்று. தொண்ணூற்று மூன்று. நூற்றுப் பதினெட்டு. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் கம்பியில் நிற்கும் பாட்டிலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள்.

மயக்கக் குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினார். சகலை படித்தார், ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, கையெழுத்துப் போட்டார். உடை மாற்றும் அறையில் மயக்க டாக்டர் கடிகாரத்தை நீட்டினார். அது ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்து ஓடி வந்து சகலையைத்தான் கும்பிட்டார். அலாரத்தைப் பற்றியும் அவரிடமே கேட்டார். சகலை நகர்ந்து வழிவிட்டார்.

"அதை இவர்கிட்ட கேளுங்க. இவர் சொல்லாம இருந்திருந்தா நான் பாதியிலயே தைச்சு அனுப்பியிருப்பேன்."

வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பார்க்கலாம், அப்புறம் தேவையில்லை என்றார் மயக்க டாக்டர். தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கடிகாரம் சகலையின் கையில் மின்னிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்துக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் போய் வந்தது. கதை எப்போது ஆரம்பிக்கும் என்று பெரிய மாப்பிள்ளைக்கு முதல் கவளமே இறங்கவில்லை. பாட்டில் விஷயம் வரும், மாமனார் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டியிருக்கும், மனைவி வீடு திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வருவாள்.

கதை ஆரம்பித்தது. ஆனால் சகலை சொன்ன கதையில் பாட்டிலே இல்லை. தான் தப்பான துண்டை எடுத்ததையும், அது கட்டியே இல்லை, மண்ணீரலின் ஒரு துணுக்கு இடம் மாறி வளர்ந்தது என்று ஆய்வகம் சொன்னதையும், தைக்கும் நேரத்தில் பெரிய சகலை தடுத்ததையும் மட்டுமே சொன்னார்.

மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகப் பெரிய மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார்.

"அப்படியா மாப்பிள்ளை? கண்ணுன்னா இதுல்லவா கண்ணு."

காத்திருந்த வார்த்தை. ஆனால் வந்த வழி சரியில்லை. அவன் போட்ட பிச்சையாக வந்து தட்டில் விழுந்திருக்கிறது. பெருந்தன்மையிலும் அவனே முந்திக்கொண்டானா? மயக்க டாக்டருக்குக் காது மடல் சுட்டது. கத்தியில்தான் அவனை ஜெயிக்க முடியாது, இதிலுமா?

"பாட்டிலை மாத்தி மூடினது நான்தான் மாமா" என்றார். "அவர் அதைச் சொல்லல. என் தப்பாலதான் எல்லாரும் ஏமாந்தாங்க. அப்புறமா நான் பார்த்தேன், சொன்னேன். அவ்வளவுதான்."

மேசைக்கு அடியில் மனைவியின் கால் அவர் காலை மிதித்தது. "எதுக்கு சகலை இதெல்லாம்" என்று முணுமுணுத்தார் சின்னவர். சொல்லிவிட்ட திருப்தியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் பெரியவர். நேர்மைக்கு ஒரு மார்க் வராமலா போகும்?

மாமனார் இரண்டு மருமகன்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னவரின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"உங்க சகலை பண்ணின தப்பை நீங்க மறைச்சு, பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்களே! கை மட்டுமா தங்கம், மனசும் தங்கம்."

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மயக்க டாக்டர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். வேறென்ன செய்ய?

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர்.

'நேத்து அலாரம் வைக்கல சார். இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கிட்டேன். அவதான் என்னை உலுக்கி எழுப்பினா. கடைக்கு நேரமாச்சுன்னு திட்டறா.'

இரண்டு முறை படித்தார். மனைவி என்ன என்று கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். இதை வாய்விட்டுப் படித்தால் இதுவும் அந்தப் பக்கம் போய்விடும்.

சகலையின் போன் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அதற்கும் இதே செய்தி வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சகலையின் கையிலிருந்த கடிகாரத்திலேயே மணி பார்த்துக்கொண்டார். ஐந்து நிமிடமாகியும் அந்தப் போன் விளக்கு எரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று மனைவியிடம் தட்டை நீட்டினார்.